அலங்காரம்தானே, ஃப்ராவ் நடராஜா?

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

தட்டத்தை எந்தக் கையில் ஏந்துவது, எந்தப் பக்கத்தால் பரிமாறுவது, கண்ணாடிக் குவளையை எதால் துடைத்தால் மினுங்கும் என்பதெல்லாம் உங்களுக்கு வேலையிடத்திலேயே காட்டித் தருவார்கள். கொஞ்ச நாளில் பிடிபட்டுவிடும். அதை எழுதி உங்கள் நேரத்தையும் என் கண்ணையும் நான் கெடுக்கப் போவதில்லை. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் எழுத்துப் பிழைகளை அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். சொன்ன விஷயத்தில் கைவைக்க வேண்டாம்.

நான் எழுத வந்தது வேறு. இரண்டு கையிலும் சூடான சட்டி இருக்கும்போது ஒருவர் வந்து உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார். சட்டியை இறக்கிவைக்க இடம் இருக்காது. யோசித்துச் சொல்கிறேன் என்றும் சொல்ல முடியாது. எத்தனையோ வருஷம் வேலை செய்தும் எனக்குப் பழகாத பாரம் அது ஒன்றுதான். அப்படி என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் களைப்பு. அதைச் சொல்லி என்ன.

நானும் என் மனுசனும் கிழக்கு ஜேர்மனியின் ஷோனெஃபெல்டில் விமானம் இறங்கி, ரயில் ஏறி மேற்குக்கு வந்த ஆட்கள். அகதி முகாம், காத்திருப்பு, திரும்பவும் காத்திருப்பு எல்லாம் உங்கள் தாய் தகப்பன் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கடைசியில் ஹனோவருக்கு வெளியே, தேவாலயத்துக்குச் சொந்தமான ஒரு மாநாட்டு விடுதியில் எனக்கு வேலை கிடைத்தது. கூட்டங்களுக்கு வருகிறவர்கள் தங்கி, சாப்பிட்டு, வாதாடிவிட்டுப் போகிற இடம். அங்கே வேலை செய்கிறவர்கள் தேவாலயத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. குசினியில் சமைப்பதற்கும் பரிமாறுவதற்கும் ஆள் கிடைக்காததால் எங்களைப் போன்றவர்களையும் எடுத்தார்கள். சலுகை என்றுதான் அதைச் சொன்னார்கள். நான் சலுகைக்கு வேலை செய்யவில்லை. பெரிய விருந்து என்றால் முக்கியமான விருந்தாளிகள் இருக்கும் முன்மேசைக்கு என்னைத்தான் விடுவார்கள். இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

சாப்பாட்டு மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்த அம்மாவை நாங்கள் எல்லாரும் ஷெஃபின் என்றுதான் கூப்பிடுவோம். தலைவி என்று அர்த்தம். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. கழுத்தில் ஒரு சின்ன வெள்ளிச் சிலுவை எப்போதும் இருக்கும். சிரிக்க மாட்டார். தொழிலை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். என்னை அவர் ஃப்ராவ் நடராஜா, அதாவது திருமதி நடராஜா என்றுதான் கூப்பிடுவார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷெஃபினும் மற்றவர்களும் என்னோடு கதைத்தது டொச் எனப்படும் ஜேர்மன் மொழியில். எனக்கு அதைப் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. ஆகையால் இந்தக் கதையில் எல்லாரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் போலத்தான் கதைப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாதிரிமார் கூட்டம் ஒன்று வந்தது. நான் சூப் சட்டியோடு மேசைக்குப் போனதும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். கையைக் கோத்துக் கண்ணை மூடினார்கள். கும்பிடுகிறார்கள் என்று விளங்கியது. ஆட்கள் கும்பிடும்போது நான் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்பதா? சட்டியை மேசையில் வைத்துவிட்டு நானும் கைகூப்பிக் கண்ணை மூடினேன். பிள்ளையாரில் தொடங்கி எல்லாரையும் ஒவ்வொருவராகக் கும்பிட்டேன். எங்கள் கும்பிடுதலில் இத்தோடு முடிந்தது என்று சொல்ல ஒரு சொல் கிடையாது. மனம் நிறையும்போது கண்ணைத் திறப்போம். நான் திறந்தபோது அவர்கள் எல்லாரும் உட்கார்ந்து, கரண்டியைத் தொடாமல், மரியாதையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூப்பில் ஆடை படிந்திருந்தது.

ஷெஃபின் என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"ஃப்ராவ் நடராஜா, இனிமேல் நீங்கள் கும்பிட வேண்டாம். நீங்கள் கும்பிட்டால் சூப் ஆறுது."

"எப்ப முடியுதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"வாயைப் பாக்காதேங்கோ. வாயைப் பாத்தால் ஏமாந்து போவீங்கள். கையைப் பாருங்கோ. கை கரண்டிக்குப் போனால் எல்லாம் முடிஞ்சுது."

அன்றிலிருந்து நான் கையைப் பார்க்கிறவள் ஆனேன். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பாடம் என்றால் அதுதான்.

இனிக் கதைக்கு வருகிறேன். பத்துப் புது நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த வருஷம் அது. ஒன்றியம் முழுவதற்கும் ஒரே அரசியல் சாசனம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதன் முன்னுரையில் கடவுள் என்ற சொல் வர வேண்டுமா, கிறிஸ்தவம் என்ற சொல்லாவது வர வேண்டுமா, ஒன்றும் வேண்டாமா என்று நாட்டுக்கு நாடு சண்டை. இங்கே ஜேர்மனியிலோ பள்ளிக்கூட ஆசிரியைகள் முக்காடு போடலாமா என்று மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வசந்தத்தில் எங்கள் விடுதியில் ஒரு பெரிய மாநாடு. பல நாட்டு அரசியல்வாதிகள், பாதிரிமார், படித்தவர்கள் எல்லாம் வந்து, ஐரோப்பாவில் சமயத்துக்கு என்ன இடம் என்று பேசப்போகிறார்கள் என்றார்கள்.

முன்மேசைக்கு நானும் எமினேயும்.

எமினே துருக்கிக்காரி. என்னைவிட வயதில் இளையவள். அக்காவுக்கு அவர்களுடைய மொழியில் அப்லா என்று பெயர். என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். தலைமயிர் ஒன்றுகூட வெளியே தெரியாமல் முக்காடு கட்டியிருப்பாள். வேலை அவளுக்குத் தற்காலிகம்தான். வருஷக்கணக்காக நீட்டி நீட்டி வைத்திருந்தார்கள். அந்த மாத முடிவில் நிரந்தரமாக்குவதாக விடுதிப் பொறுப்பாளர் வாயால் சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானால்தான் அவளுக்கு இந்த நாட்டில் நிரந்தர விசா. அதற்காக அவள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

மாநாட்டுக்கு முதல்நாள் மாலையே ஆட்கள் வந்துவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு நாங்கள் சூப்பைக் கொண்டுபோனோம். நான் கைகளைப் பார்த்தேன். போலந்துக்காரர் ஒருவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டார். கிரேக்கப் பாதிரியார் ஒருவர் ராகத்தோடு இழுத்துக்கொண்டே போனார், அவருடைய கை கரண்டிக்கு வருகிற பாடாக இல்லை. பிரான்சிலிருந்து வந்த அம்மா கையை மடியில் வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல இருந்தார். கும்பிட்டு முடித்ததும் அந்த அம்மாவும் போலந்துக்காரரும் தொடங்கிவிட்டார்கள்.

"கடவுளுக்குத் தேவாலயம் இருக்கு. சட்டப் புத்தகத்துக்குள்ள அவருக்கு என்ன வேலை?" என்றார் அம்மா.

"அந்தப் பேரைச் சொன்னதுக்கு எங்கட நாட்டில சிறைக்குப் போனவை இருக்கினம். இப்ப நீங்கள் அதை எழுதவே வெக்கப்படுறீங்கள்," என்றார் அவர்.

இரண்டு பேரும் நல்ல மனிதர்கள் என்றுதான் எனக்குப் பட்டது. இரண்டு பேருடைய சூப்பும் ஆறியது.

அடுத்த பக்கத்தில் தெற்கு ஜேர்மனியைச் சேர்ந்த ஒரு பெரிய மனிதர். துருக்கியையும் ஒன்றியத்தில் சேர்ப்பதா என்று பேச்சு வந்தது. "இது கிறிஸ்தவ வீடு. அவை விருந்தாளியா வரலாம், இருந்து சாப்பிடலாம். குடியிருக்க வரேலாது," என்று சொல்லிச் சிரித்தார். அப்போது அவருக்கு உருளைக்கிழங்கு வைத்துக்கொண்டிருந்தவள் எமினே. நான் அவள் கையைப் பார்த்தேன். அசையவில்லை.

குசினிக்குத் திரும்பியதும் சொன்னாள்: "அப்லா, அந்தாளுக்கு ஒரு கிழங்கு கூட வைச்சுப்போட்டு வந்திருக்கிறன். விருந்தாளிதானே."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவள் விடவில்லை. "உங்கட பேர் கடவுளின்ர பேரெண்டு சொன்னனீங்களெல்லோ?"

"என்ர பேரில்லை, மனுசன்ர பேர். ஓம், சிவபெருமான்ர பேர்."

"அப்ப பாருங்கோ. உள்ளுக்கை இருக்கிறவை கடவுளின்ர பேரை எங்க வைக்கிறதெண்டு தெரியாமல் சண்டை பிடிக்கினம். இடைக்கிடை 'ஃப்ராவ் நடராஜா, இன்னும் கொஞ்சம் கோப்பி' எண்டு கூப்பிடுகினம்."

நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த மண்டபத்தில் பரிமாறியது அதுதான் கடைசி.

அடுத்த நாள் காலை விடுதிப் பொறுப்பாளர் குசினிக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. என் மனுசன் இறந்தபோது பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருந்தவர். அன்று அவர் முகம் சரியில்லை. முதல்நாள் இரவு யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்: நாளைக்குப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், உள்ளே ஐரோப்பா கிறிஸ்தவமா இல்லையா என்று பேச்சு, பக்கத்தில் முக்காடு கட்டியவள் கோப்பி ஊற்றுகிறாள், அந்தப் படத்தை இந்தப் பக்கத்தவர்களும் பாவிப்பார்கள், அந்தப் பக்கத்தவர்களும் பாவிப்பார்கள் என்று.

நான் கொதிக்கிற பால் சட்டியை அடுப்பிலிருந்து தூக்கியிருந்தேன். எமினே கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஷெஃபின் கதவடியில் நின்றார்.

"எமினே, மாநாடு முடியுமட்டும்தான். மண்டபத்துக்குள்ள மட்டும்தான். குசினியில நீங்கள் முக்காடு போட்டிருக்கலாம்," என்றார் பொறுப்பாளர்.

"ஏலாது."

"உங்களுக்காகத்தான் சொல்லுறன். அவை இதை அரசியலாக்கிப் போடுவினம்."

"என்ர தலையில அரசியல் இல்லை ஐயா. மயிர்தான் இருக்கு."

"பரிமாறுற ஆக்களிட்ட சமய அடையாளம் ஒண்டும் இருக்கக்கூடாது எண்டுதான் முடிவு. எல்லாருக்கும் ஒரே மாதிரி."

"எல்லாருக்குமோ? அப்ப ஷெஃபின்ர கழுத்தில கிடக்கிறது?"

"அது எங்கட பண்பாடு."

"அப்லாவின்ர நெத்தியில இருக்கிறது?"

எமினே என்னைக் காட்டிக்கொடுத்தாள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. விழப்போகிறவள் பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்தாள், அவ்வளவுதான். ஆனால் பொறுப்பாளருக்கு அது நல்லதாய்ப் போயிற்று. அவர் என் பக்கம் திரும்பியபோது அவர் முகம் தெளிந்தது.

"அது அலங்காரம்தானே, ஃப்ராவ் நடராஜா?"

அந்தத் 'தானே'யைக் கவனியுங்கள் பிள்ளைகள். அவர் என்னைக் கேட்கவில்லை. பதிலையும் தானே கொண்டுவந்து, வாங்கிக்கொள் என்று நீட்டினார். ஓம் என்ற ஒரு சொல்தான் நான் சொல்ல வேண்டியது. சொன்னால் நான் முன்மேசைக்குப் போகலாம். சிலுவை பண்பாடு, பொட்டு அலங்காரம், முக்காடு மட்டும் சமயம். எமினே தனி ஆள். மாத முடிவில் அவளை நிறுத்த, ஒத்துப்போகாதவள் என்று ஒரு காரணமும் இருக்கும்.

இல்லை, இதுவும் சமயம்தான் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அங்கேதான் எனக்குச் சிக்கல்.

என் மனுசன் செத்தபோது, இங்கேயுள்ள மின்சுடலையில் வைத்தே எங்கள் பெண்டுகள் என் குங்குமத்தைத் துடைத்தார்கள். நான் தடுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து கொஞ்ச நாள் போனபின் ஒரு காலை, வேலைக்கு வெளிக்கிடும்போது, கண்ணாடியில் தெரிந்த முகம் யாருடையதோ போல இருந்தது. அலுமாரிக்குள் கிடந்த ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்து ஒட்டிக்கொண்டு போய்விட்டேன். பிறகு கோயிலில் ஒருத்தி பக்கத்தில் வந்து, "அக்கா, குறை நினைக்காதேங்கோ, இது எங்கட சமயத்தில இல்லாத முறை," என்றாள். குறை நினைக்கவில்லை. பொட்டை எடுக்கவும் இல்லை. திருவிழாக்களில் முன்னுக்கு நிற்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

ஆக, என் ஆட்கள் அதைச் சமயம் என்றபடியால் எடு என்றார்கள். இவர் அதை அலங்காரம் என்று சொன்னால் வைத்திருக்கலாம் என்கிறார். இரண்டு பக்கத்திலும் அது என்னவென்று என்னைக் கேட்டவர் இல்லை. நானே என்னைக் கேட்டதில்லை. அதைக் கேட்டுப் பதில் கண்டுபிடிக்கப் பால் சட்டியோடு நிற்கிறபோதா நேரம்?

நான் கைகளைப் பார்த்தேன். பொறுப்பாளரின் கை கழுத்துப்பட்டியை இழுத்துக்கொண்டிருந்தது. ஷெஃபினின் கை சிலுவையில் இருந்தது. எமினே ஒரே கரண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது. திரும்பத் திரும்ப அதையே துடைத்தாள்.

"அலங்காரம் இல்லை," என்றேன்.

"அப்ப சமயமோ?"

"அலங்காரம் இல்லை, ஐயா."

அதற்கு மேல் ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. அவருக்கு வேண்டிய சொல்லை நான் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவர் கை கழுத்துப்பட்டியை விட்டது.

"அப்பிடியெண்டால் உங்களையும் மண்டபத்துக்கு விடேலாது."

"சரி," என்றேன். பால் சட்டியை அப்போதுதான் இறக்கினேன். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

மண்டபத்துக்கு யார் போவது என்று ஷெஃபின் கேட்டார். கல்லூரி மாணவர்களைக் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டுப் பொறுப்பாளர் போனார். ஷெஃபின் சிலுவையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். யார் அவரைக் கேட்டது? ஒருவரும் கேட்கவில்லை.

மாணவர்கள் வந்தார்கள், நன்றாகவே பரிமாறினார்கள். நாங்கள் இல்லாமல் மாநாடு நின்றுவிடவில்லை. நானும் எமினேயும் கோப்பை கழுவுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றோம். அந்த ஆவியில் என் ஒட்டுப்பொட்டு கழன்று கழன்று விழுந்தது. எமினே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்தினது, தானாக் கழண்டு போகுது பாருங்கோ." எடுத்து எடுத்து ஒட்டினேன்.

மதியம் தாண்டி ஷெஃபின் வந்தார். எமினே வெளியே குப்பை கொண்டுபோயிருந்தாள்.

"அவளுக்கு நல்லது செய்தனான் எண்டு நினைக்கிறீங்களோ?"

"தெரியாது," என்றேன்.

"அவள் தனிய எண்டால் மாநாடு முடியுமட்டும் குசினியில விட்டிட்டு அவர் மறந்திருப்பார். இப்ப நீங்கள் ரெண்டு பேர். ரெண்டு பேரெண்டால் அதுக்குப் பிரச்சினை எண்டு பேர்."

நான் அந்தப் பக்கத்தை யோசிக்கவே இல்லை. "அப்ப நான் என்ன சொல்லியிருக்க வேணும்?" என்று கேட்டேன்.

அவர் ஈரமில்லாத கையைத் துவாயில் துடைத்தார். "எனக்குத் தெரியாது. என்னட்டைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பன் எண்டும் தெரியாது. என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே."

அவர் என்னோடு அவ்வளவு நீளமாகக் கதைத்தது அன்றைக்குத்தான்.

மாநாடு முடிகிற நாளில் இங்கே ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் காண்பீர்கள். கூட்டத் தலைவர் எழுந்து நன்றி சொல்லும்போது குசினி ஆட்களை உள்ளே கூப்பிடுவார். எல்லாரும் கைதட்டுவார்கள். அன்றும் கூப்பிட்டார்கள். பொறுப்பாளர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தார். ஷெஃபின் அவரை முந்திக்கொண்டு குசினிக் கதவைத் திறந்து, "எல்லாரும் வாங்கோ," என்றார். எமினே ஏப்ரனைக் கழற்றப் போனாள். "கழட்டாதேங்கோ. அப்பிடியே வாங்கோ."

போனோம். சமையற்காரர், மாணவர்கள், ஷெஃபின், எமினே, நான். ஷெஃபின் எமினேயின் தோளில் கைவைத்து நடுவில் நிறுத்தினார். சிலுவை சட்டைக்கு வெளியே இருந்தது. பொறுப்பாளரும் வேறு வழியில்லாமல் வந்து ஓரத்தில் நின்றார். கைதட்டினார்கள். போலந்துக்காரர் தட்டினார், பிரான்ஸ் அம்மா தட்டினார். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் அந்தக் 'குடியிருக்க வரேலாது' மனிதர்தான். "அந்த உருளைக்கிழங்கு!" என்று எமினேயைப் பார்த்து விரலை உயர்த்தினார். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார். ஒரு சத்தமும் இல்லை, ஒரு அரசியலும் இல்லை. எல்லாரும் கோப்பி குடித்துவிட்டு ரயிலுக்குப் போனார்கள்.

மாத முடிவில் எமினேயின் வேலை நீட்டப்படவில்லை. ஆட்குறைப்பு என்றார் பொறுப்பாளர். முக்காட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். நான் அன்று வேறு மாதிரிப் பதில் சொல்லியிருந்தால் அவள் வேலை தப்பியிருக்குமா? ஷெஃபின் சொன்னது சரியாகவும் இருக்கலாம். பல வருஷம் அதைப் போட்டு உருட்டியிருக்கிறேன். ஒரு முடிவும் இல்லை. நீங்களும் என்னிடம் முடிவு கேட்காதீர்கள்.

உள்ளே இருந்தவர்கள் சண்டை பிடித்த சாசனத்துக்கும் நல்ல காலம் இல்லை. முன்னுரையில் கடவுள் என்ற சொல் வரவில்லை. சமய மரபு என்று எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை எழுதினார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாட்டுச் சனங்கள் வாக்குப் போட்டு, அந்தச் சாசனமே வேண்டாம் என்று விட்டார்கள். செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது ஆறிப்போன இரண்டு சூப் கோப்பைகள்தான்.

அந்தப் படம் மட்டும் தங்கிவிட்டது. பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, விடுதி வாசலில் மாட்டினார்கள். நடுவில் எமினே முக்காட்டோடு, ஒரு பக்கம் சிலுவையோடு ஷெஃபின், மறுபக்கம் பொட்டோடு நான். பலவிதமானவர்கள் ஒன்றாக இருப்பது என்று அர்த்தம் வருகிற ஒரு டொச் சொல்லை அதன் கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். வருகிற விருந்தாளிகளுக்குப் பொறுப்பாளர் அதைக் காட்டுவார். உண்மையான பெருமையோடுதான் காட்டுவார். அதுதான் எனக்குப் பெரிய களைப்பு.

நான் மண்டபத்துக்குத் திரும்பிப் போனேன். ஒன்றும் நடக்காதது போலக் கூப்பிட்டார்கள், பொட்டோடு போனேன். ஷெஃபின் அடுத்த வருஷம் ஓய்வு பெற்றார்.

பிறகு ஒருநாள் காலைச் சாப்பாட்டு வேலைக்கு விடியமுன் போகிறேன், வாசலில் ஒருத்தி வாளியும் துணியுமாக நிற்கிறாள். எமினே. துப்புரவு வேலையை விடுதி வெளியே ஒரு கம்பனிக்குக் கொடுத்திருந்தது. அந்தக் கம்பனி இவளை அனுப்பியிருந்தது. விருந்தாளிகள் எழும்பமுன் வந்து துடைத்துவிட்டுப் போய்விட வேண்டும். ஆட்கள் கண்ணில் படாத வேலை என்றபடியால் முக்காட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையாம். வேலை நிரந்தரம். விசாவும் கிடைத்துவிட்டதாம், பிந்தித்தான்.

இரண்டு பேரும் படத்துக்கு முன்னால் நின்றோம்.

"அப்லா, இதில என்ர மூக்குப் பெரிசாத் தெரியுது."

"மூக்கு அப்பிடித்தான். படத்தில பிழையில்லை."

சிரித்தாள். பிறகு கேட்டாள். "இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கோ. அது அலங்காரமோ, சமயமோ?"

என் மனுசன், மின்சுடலை, கோயிலில் சொன்னது, கண்ணாடியில் தெரிந்த முகம் எல்லாவற்றையும் அவளுக்கு அங்கே வைத்துத்தான் முதன்முதல் சொன்னேன். அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அதுவுமில்லை, இதுவுமில்லை. பிறகேன் அண்டைக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நீ காய்ஞ்ச கரண்டியைத் துடைச்சுக்கொண்டு நிண்டாய்."

அவள் துணியை வாளியில் நனைத்துப் பிழிந்து, படத்தின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள். என் முகத்தடியில் வந்ததும் நிறுத்தி, திரும்பிப் பார்த்தாள்.

"அப்லா, முதல் நாள் வந்தண்டைக்கு உங்கட பொட்டை ஊத்தை எண்டு நினைச்சுப்போட்டன். நல்லாத் தேய்ச்சுப் பாத்தனான்."

"போச்சுதோ?"

"எங்க போறது? கண்ணாடிக்கு உள்ளுக்கையெல்லோ இருக்கு."

மேல்மாடியில் யாரோ குளிக்கிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எமினே வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் போனாள். நான் கோப்பிக்குத் தண்ணீர் வைக்க உள்ளே போனேன்.